கார்ப்பெட் முடியிற இடம்: வன்னித் தெருவும் ரயரும்

"எந்த ரோட்டில ஓடுறனீங்கள்?"

கிளிநொச்சியில், ஏ9 ஓரத்து ரயர் கடையொன்றில் சித்தப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நாங்கள் போனது விலை கேட்க. பிக்கப்பின் நாலு ரயரும் மொட்டையாகிவிட்டன, மாரிக்கு முதல் மாற்றியாக வேண்டும். கடைக்காரரோ விலையை விட்டுவிட்டுத் தெருவைக் கேட்டார்.

சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "விசுவமடுவிலயிருந்து பரந்தன், பரந்தனிலயிருந்து இஞ்ச சந்தை, அது முழுக்கக் கார்ப்பெட். வீட்டிலயிருந்து மெயின் ரோட்டுக்கு வாறது கிறவல். தோட்டத்துக்குப் போறது குளக்கட்டால. கச்சான் ஏத்திறதெண்டா மணலுக்க இறங்கவேணும்."

"அப்ப உங்களுக்கு ஏ.ரி.தான் அண்ணை" எண்டார் அவர்.

ஏ.ரி. என்றால் ஓல் ரெறெயின், எல்லா நிலத்துக்குமான ரயர். தார் ரோட்டுக்கு மட்டுமான எச்.ரி. ரயருக்கும் சேற்றுக்கு மட்டுமான எம்.ரி. ரயருக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் வயதுப் பெடியளுக்கு அது 'லுக்' சம்பந்தப்பட்ட விசயம். பெரிய பெரிய கட்டைகளோடு பிக்கப் நிண்டால் ஒரு கெத்து. ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு வேறொரு யோசனை. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர் "இந்த ரயர் வேணும், அந்த ரயர் வேண்டாம்" எண்டு தெரிவு செய்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு முதல் இருந்ததெல்லாம் கிடைத்த ரயர். அதுக்கும் முதல், ரயரே கிடைக்காத காலம். வன்னியில் ஒரு ரயரைத் தெரிவு செய்யக் கிடைப்பது எவ்வளவு புதிய சங்கதி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தத் தெரிவுக்கான காசை யார் கட்டுகிறார்கள் என்பதையும் கடைசியில் பார்ப்போம்.

பால் வெட்டின கைகள்

ரயரின் கதை எங்களிலிருந்து தூரத்தில் தொடங்குகிறது. 1839இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது எண்டு கண்டுபிடித்தார். இன்றைக்கும் ரயர் ஒட்டும் கடைகளில் 'வல்கனைசிங்' எண்டு போர்ட் போட்டிருக்கிறார்களே, அந்தச் சொல் அங்கிருந்து வந்ததுதான். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்தது கொஞ்சம்தான். முளைத்தவற்றில் சுமார் 2,000 கன்றுகள் அதே வருசம் இலங்கைக்கு வந்தன. அவற்றை நட்ட இடம் கம்பஹாவில் இருக்கிற ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா. 1888இல் பெல்பாஸ்ற் நகரத்தில் ஜோன் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்குக் காற்றடைத்த ரயர் பூட்டினார். பிறகு கார் வந்தது. கார் வந்ததும் உலகத்துக்கு ரப்பர் போதாமல் போனது.

இலங்கையின் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மழை கூடிய இடங்களில். விடியக் காலமை எழும்பி, மரத்தில் கத்தி வைத்துப் பால் எடுத்தவர்களில் பெரும் பங்கினர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களது பிள்ளைகளும். 1948இல் அவர்களின் குடியுரிமை பறிபோனது. நாலு வருசம் கழித்து, 1952இல், இலங்கை சீனாவோடு ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. ரப்பர் அங்கே போனது, அரிசி இங்கே வந்தது. நாடு சோறு சாப்பிட்டதில் பங்கு இருந்தும் நாட்டில் பங்கு இல்லாதவர்களாக அந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

இதில் வன்னி எங்கே வருகிறது எண்டு கேட்கலாம். 1958 கலவரம், 1970களின் தொடக்கத்தில் தோட்டங்களில் வந்த பட்டினி, 1977 கலவரம் என்று ஒவ்வொரு அடிக்கும் மலையகத் தமிழர் பலர் வடக்கே வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் எல்லாம் இந்தக் கதையோடு சேர்ந்த ஊர்கள். 1970களின் பிற்பகுதியில் காந்தீயம் அமைப்பு வவுனியாப் பக்கத்தில் இவர்களைக் குடியமர்த்தி உதவியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார்.

தேயிலை பறித்தவர்களும் ரப்பர்ப் பால் வெட்டினவர்களும் வன்னிக்கு வந்து குடியிருந்தது கிறவல் தெருவும் இல்லாத ஒழுங்கைகளில். தங்கள் கைபட்ட ரப்பரில் செய்த ரயர் ஓடுகிற மெயின் ரோட்டுக்கு வர அவர்கள் நடக்கவேண்டியிருந்தது.

வண்டிலும் லான்ட்மாஸ்ரரும்

ரயர் வரமுதல் வன்னியின் சில்லு மரச்சில்லு. மரக்குடம், ஆரக்கால், சுற்றிவர இரும்புப் பட்டம். மாட்டு வண்டிலின் இரும்புப் பட்டம் மாரியில் பாதையை வெட்டி இரண்டு வாய்க்கால் ஆக்கிவிடும். கோடையில் அந்த வாய்க்கால் அப்படியே காய்ந்து கல்லாகும். வன்னி மண்ணின் குணம் அது. இங்கே பெரும்பாலும் இருக்கிற செங்கபில மண் காய்ந்தால் இறுகும், நனைந்தால் ஒட்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை. மிச்ச மாதங்கள் புழுதி. ஒரே தெரு வருசத்தில் இரண்டு தெருவாக இருக்கும் இடம் இது.

1905இல் ரயில் காங்கேசன்துறை வரை போனது. கிளிநொச்சி ஊராக வளர்ந்தது அதற்குப் பிறகு, இரணைமடுத் தண்ணியை நம்பி. 1930களில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கின. பிறகு வட்டக்கச்சி வந்தது. 1970களின் தொடக்கத்தில் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த இளைஞர்களுக்கான திட்டங்கள் வந்தன. அப்போதைய அரசு வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கியிருந்தது. வன்னிச் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. அந்தக் காசில்தான் கன குடும்பங்கள் உழவு இயந்திரமும் லொறியும் கண்டன.

உண்மையில் வன்னியின் முதல் 'எல்லா நிலத்துக்குமான' ரயர் உழவு இயந்திரத்தின் பின் ரயர்தான். அதன் கட்டைகள் அம்புத்தலை மாதிரிச் சாய்ந்திருக்கும். சில்லு சுற்றச் சுற்றச் சேறு பக்கவாட்டில் வழிந்து போய்விடும், அடுத்த சுற்றுக்குக் கட்டை திரும்ப மண்ணைப் பிடிக்கும். இன்றைய ஏ.ரி. ரயரின் கட்டைகளுக்கு நடுவில் விட்டிருக்கிற இடைவெளிக்கும் வேலை இதேதான். மசி பேர்கசன் பெரிய உழவு இயந்திரம், லான்ட்மாஸ்ரர் இரண்டு சில்லுச் சின்னன். லான்ட்மாஸ்ரர் என்பது ஒரு இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். எங்கள் ஊரில் அது எல்லா இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கும் பொதுப்பெயராகி நிலைத்துவிட்டது. பின்னால் பெட்டியைக் கொழுவினால் அதுவே நெல்லேற்றும் வாகனம், கோயிலுக்குப் போகும் வாகனம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வாகனம்.

நாட்டுக்குள்ளேயே ரயர் செய்ய 1960களில் சோவியத் உதவியோடு களனியில் ரயர் கூட்டுத்தாபனம் தொடங்கியது. 1990களில் அது தனியார் கைக்குப் போனது. அதே 1990களில் வன்னிக்கு எந்த ரயரும் நேர்வழியில் வராமல் போனது.

ஒட்டுக்கு மேல் ஒட்டு

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை எழுப்ப மட்டும் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், பின்னால் ஒரு புகை மேகம். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்கள் அந்தக் காலத்தில் தாக்குப்பிடித்ததுக்குக் காரணம், எந்த மெக்கானிக்கும் திறந்து பார்த்துச் சமாளிக்கக்கூடிய எளிய எஞ்சின்.

எஞ்சினை அப்படிச் சமாளிக்கலாம், ரயரை அப்படி ஏமாற்ற ஏலாது. தேய்ந்த ரப்பர் தேய்ந்ததுதான். வெடித்த இடத்தில் உள்ளுக்குள் பழைய ரயர்த் துண்டு வைப்பார்கள், ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போடுவார்கள், கடைசியில் ஒட்டுகளின் கூட்டத்துக்கு நடுவில் ரியூப்பைத் தேடவேண்டியிருக்கும். அம்மம்மா சொல்லுவா, "அப்ப வீட்டில களவு போனா சைக்கிள் ரயர்தான் போகும், நகை போகாது" எண்டு. சைக்கிள்தான் பிரதான வாகனம். கரியலில் விறகு, மீன்பெட்டி, நோயாளி, நெல்மூட்டை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பிப் போனபோதும், பிறகு அதில் கன சனம் கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தபோதும், கையில் இருந்த பெரிய சொத்து பலருக்கும் சைக்கிள்.

1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. 1997 மே 13இல் வவுனியாவிலிருந்து வடக்கே ஏ9ஐத் திறக்கவென்று ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. ஒரு தெருவுக்காக இத்தனை உயிர் போன நடவடிக்கை இந்த நாட்டில் வேறொன்று இருக்காது. அந்தத் தெரு அப்படித் திறபடவில்லை. அது திறந்தது 2002 பெப்ரவரியில், போர்நிறுத்தத்தோடு.

தெரு திறந்ததும் முதலில் வந்தது சாமான். அதோடு வந்தது பிக்கப். எங்கட ஆக்களின் ஞாபகத்தில் பிக்கப் எண்டால் முதல் இயக்கத்தின் வாகனம், அதுக்குப் பிறகு என்.ஜி.ஓ. வாகனம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அடித்த பிறகு வெள்ளை வாகனங்கள் வரிசையாக வந்தன. கட்டை ரயர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தது அப்போதுதான் எண்டு சித்தப்பா சொல்லுவார். ஊர்ச்சனம் அந்த ரயரின் தடத்தைப் பார்த்தே எந்த அலுவலகத்து வாகனம் வந்துபோனது எண்டு சொல்லுமாம். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் யோசனையில்லை.

2006 ஓகஸ்ட்டில் தெரு திரும்பப் பூட்டப்பட்டது.

ஏ35

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் தெருவுக்கு ஏ35 எண்டு இலக்கம். இன்றைக்கு நாங்கள் சந்தைக்கு வருகிற கார்ப்பெட் ரோட் அது. 2008 பிற்பகுதியில் அந்தத் தெருவால்தான் வன்னி முழுக்கக் கிழக்கே போனது.

2008 செப்ரெம்பரில் அரசு பாதுகாப்பு உத்தரவாதம் இல்லை எண்டு சொல்லி ஐ.நா. அமைப்புகளை வெளியேறச் சொன்னது. கிளிநொச்சியில் சனம் அவர்களின் வாசலில் நிண்டு போகவேண்டாம் எண்டு கேட்டது. அந்த வெள்ளை வாகனங்கள் தெற்கே போயின. நல்ல ரயர் பூட்டின வாகனங்களுக்குப் போக வழி இருந்தது. மிச்சமிருந்தவை லான்ட்மாஸ்ரர், உழவு இயந்திரப் பெட்டி, மாட்டு வண்டில், சைக்கிள். நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்து வன்னியை வெள்ளத்தில் விட்டது. கூரைத் தகரம், கதவு, நெல்மூட்டை, கோழிக்கூடு, அதற்கு மேல் வயசுபோன ஆக்கள். பெட்டி நிரம்பி ரயர் பிதுங்க, சேற்றுக்குள்ளால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சச் சாமானை இறக்கிவிட்டுப் போகவேண்டும். காற்றுப் போனால் ஒட்ட நேரமில்லை, வெறும் றிம்மில் உருட்டிப் போனார்கள். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. பிறகு இரணைப்பாலை, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். அங்கே எந்தச் சில்லும் மேற்கொண்டு உருளவில்லை.

போர் முடிந்த பிறகும் கன காலம் எரிந்த லொறி, வான், மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாம் முள்ளிவாய்க்கால் பக்கம் குவியல் குவியலாகக் கிடந்தன. எரிந்த வாகனத்தில் முதலில் இல்லாமல் போவது ரயர். உள்ளே இருக்கும் கம்பிவளையம் மட்டும் சாம்பலில் மிஞ்சும். மீள்குடியேறி வந்த சனம் பழைய இரும்பு பொறுக்கி விற்றுச் சீவித்த நாட்களில் அந்தக் கம்பிக்கும் ஒரு விலை இருந்தது.

தெரு யாருடையது

2010க்குப் பிறகு ஏ9 சீனக் கடனில் கார்ப்பெட்டானது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, அடுத்த வருசம் யாழ்ப்பாணத்துக்குப் போனது. லீசிங் கம்பனிகள் ரயிலுக்கு முதலே வந்துவிட்டன. சித்தப்பாவின் பிக்கப்பும் லீசிங்கில் எடுத்த பழைய வாகனம்தான். நாலு பேர் கை மாறி வந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. பழைய வாகனங்களின் விலை புதியதை மிஞ்சியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்ட, ரயர் விலை எங்கேயோ போனது. கியூ.ஆர். கோட்டில் எரிபொருள் பங்கிட்டார்கள். ஊரில் சைக்கிள்கள் திரும்பத் தெருவுக்கு இறங்கின. தெற்கில் சனம் இதைப் புதுக் கஷ்டமாகப் பார்த்தது. எங்கட ஊரில் வயசான ஆக்கள், "உதெல்லாம் நாங்கள் முந்தியே பார்த்தாச்சு" எண்டு பழைய ரியூப்பைத் தேடி எடுத்தார்கள். இத்தனைக்கும் இலங்கை உலகச் சந்தைக்கு ரயர் செய்கிற நாடு. போர்க்லிஃப்ட் போன்ற வாகனங்களுக்கான காற்றில்லாத் திண்ம ரயர் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கிறது. வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான்.

இனிக் கடைக்காரரின் கேள்விக்குத் திரும்புவோம். சித்தப்பா சொன்ன அந்தத் தெருக்கள் ஒரே ஆளுடையவை அல்ல. ஏ, பீ இலக்கமுள்ள வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். சீ, டீ வீதிகள் மாகாணத்துக்கு. ஊர்த் தெருக்கள் பிரதேச சபைக்கு. குளக்கட்டுகள் நீர்ப்பாசன, கமநலத் திணைக்களங்களுக்கு. பெருங்கடன் எடுத்துக் கார்ப்பெட் போடக்கூடிய ஆள் முதலாவது ஆள் மட்டும்தான். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை தெரிவான ஆட்கள் இல்லாமலே ஓடின. கார்ப்பெட் ஏன் மெயின் ரோட்டோடு நிற்கிறது என்பதற்குக் கன காரணம் சொல்லலாம். அதில் ஒன்று, அந்தப் பக்கம் போய்ப் பேச யாரும் கதிரையில் இல்லாமல் இருந்தது.

ஆகவே ஏ.ரி. ரயருக்கு சித்தப்பா கட்டுகிற மேலதிகக் காசு ஒருவகை வரி. அரசின் தெரு முடியிற இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள தூரத்துக்கு அவரே கட்டுகிற வரி. பிக்கப் இல்லாதவர்கள் அதே வரியை வேறு விதமாகக் கட்டுகிறார்கள். மாரியில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் விளங்கும்.

ரயரை வாசித்தல்

சரி, ரயர் வாங்கப் போகிறீர்கள் எண்டால் சில விசயம் தெரிந்திருக்கவேணும். நாங்கள் அன்று கடையில் படித்தது இது.

பக்கவாட்டில் எழுதியிருப்பது 265/65ஆர்17 எண்டு வைப்போம். 265 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 வீதம், அதாவது 172 மில்லிமீற்றர். ஆர் என்றால் ரேடியல். 1946இல் மிஷ்லின் கம்பனி காப்புரிமை எடுத்த அமைப்பு அது. 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். அதற்குப் பக்கத்தில் 112எஸ் எண்டு இருந்தால், ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும், 180 கிலோமீற்றர் வேகம் வரை ஓடலாம் எண்டு அர்த்தம். பாரம் ஏற்றுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்த இலக்கம். கட்டையின் வடிவு அதற்குப் பிறகு.

டி.ஓ.ரி. எண்டு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் பிறந்த திகதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. வெயிலில் கிடந்து பழசான ரப்பர், கட்டை புதுசாய் இருந்தாலும் வெடிக்கும். விலை குறைத்துத் தருகிறார்கள் எண்டால் இதை முதலில் பாருங்கள்.

பெரிய ரயர் போட ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. 265/65க்குப் பதில் 265/70 போட்டால் சில்லின் மொத்த விட்டம் 776இலிருந்து 803 மில்லிமீற்றர் ஆகும். மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 62இல் போவீர்கள். முறிக்கும்போது மட்காட்டில் உரசலாம், எஞ்சினுக்கும் பாரம். சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "கம்பனி போட்ட அளவே போதும்."

ஏ.ரி. ரயர் என்ற இனமே அவ்வளவு பழசில்லை. 1976இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பனி பிக்கப்புகளுக்கான ரேடியல் ஏ.ரி. ரயரை இறக்கியது. ரப்பர்க் கன்று இலங்கைக்கு வந்து சரியாக நூறு வருசம். அது பேர் எடுத்தது மெக்சிக்கோவின் பாலைவனத்தில் நடக்கும் பாஹா ஓட்டப் போட்டிகளில். எங்கட ஊரில் அது ஓடுவது கச்சான் மூட்டையோடு.

பூட்டின பிறகு வாழ்வதும் ஒரு பழக்கம்தான். கார்ப்பெட்டில் ஐம்பதைத் தாண்டினால் ஒரு 'ஊ' சத்தம் வரும், முதல் கிழமை வாகனத்தில் ஏதோ பிழை எண்டு நினைப்பீர்கள். ரயர் பாரம் கூடியது என்பதால் எண்ணெயும் கொஞ்சம் கூடக் குடிக்கும். நனைந்த கார்ப்பெட்டில் பிறேக் பிடிக்க எச்.ரி.யை விடக் கொஞ்சத் தூரம் கூட எடுக்கலாம், அதனால் மழையில் அவதானம் வேணும். கட்டைக்குள் கிறவல் கல் கொழுவி 'டக் டக்' எண்டும், வாரத்தில் ஒருநாள் ஸ்குரூட்றைவரால் கிண்டி எடுக்கவேணும். ஏறத்தாழ 8,000 தொடக்கம் 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா முன் சில்லைப் பின்னுக்கும் பின் சில்லை முன்னுக்கும் மாற்றவேணும். பள்ளத்துக்குள் இருக்கிற சின்ன மேடு, அதாவது 1.6 மில்லிமீற்றர் அடையாளம், கட்டையோடு சமமாய் வந்தால் ரயரின் காலம் முடிந்தது.

காற்று முக்கியம். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. மணலுக்குள் இறங்கும்போது 18, 20 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் ரயர் பரந்து மிதக்கும், மெதுவாய்ப் போகலாம். ஆனால் கார்ப்பெட்டுக்கு ஏறமுதல் திரும்ப அடிக்கவேணும். குறைந்த காற்றோடு வேகமாய் ஓடினால் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். வன்னி வெயிலுக்கு அது கனநேரம் எடுக்காது. இதுக்காகவே சித்தப்பா ஒரு சின்ன பம் வாங்கி ஆசனத்துக்குக் கீழ் வைத்திருக்கிறார்.

கார்த்திகையில் ஒருநாள், மூன்று நாள் மழைக்குப் பிறகு, குளக்கட்டால் போனோம். புது ரயர்தானே எண்ட துணிவு. பாதிவழியில் கட்டைகளுக்கு நடுவில் களி அப்பி, நாலு ரயரும் மொட்டை மாதிரியே ஆகிவிட்டன. பிக்கப் பக்கவாட்டில் வழுக்கி வாய்க்காலைப் பார்த்து நிண்டது. ஒரு மணித்தியாலம் கழித்து அந்தப் பக்கம் வயலுக்கு வந்த ஐயா ஒருவர் தன் பழைய மசி உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்து விட்டார். காசு வாங்கவில்லை. ரயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு" எண்டு மட்டும் சொன்னார்.

கழற்றின பழைய நாலு ரயரில் இரண்டு கடையிலேயே விட்டோம். ஒன்று வீட்டு மாமரத்தில் ஊஞ்சல், தண்ணி தேங்காமல் அடியில் துளை போட்டிருக்கிறது. பி.எச்.ஐ. வந்தால் முதலில் பார்ப்பது பழைய ரயரைத்தான். மற்றது ஸ்பெயார்.

போன மாதம் எங்கள் ஒழுங்கைச் சனம் சேர்ந்து பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதினோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே எத்தனை வீடு, எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாரியில் எத்தனை நாள் தெரு தண்ணிக்குள் கிடக்கும், எல்லாம் எண்ணி எழுதினோம். முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது. "உங்களுக்குத்தான் நல்ல ரயர் கிடக்கே அண்ணை" எண்டு பக்கத்து வீட்டு அக்கா பகிடிக்குச் சொன்னா. சித்தப்பா பேனையை அவவிடம் நீட்டினார்.